தைக்கக் கொடுக்காத ரவிக்கை

பெங்களூரில் ஜாக்கெட் பிட்டுகளுக்குக் கால் உண்டு. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். ஒரு நவராத்திரிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த கிளிப்பச்சைத் துணி, மறுவருஷம் வரமகாலட்சுமி பூஜையன்று மேல்வீட்டிலிருந்து மஞ்சள் குங்குமத்தோடு என்னிடமே திரும்பி வந்தது. ஓரத்தில் என் வீட்டு டீக்கறை அப்படியே இருந்தது. நடுவில் எத்தனை வீடு பார்த்துவிட்டு வந்ததோ! இங்கே அந்தத் துண்டைத் தைத்துப் போட்டுக்கொள்ள யாரும் வாங்குவதில்லை, அடுத்தவருக்குக் கொடுக்கத்தான் வாங்குகிறார்கள். ஆரணியில் எங்கள் தெருவில் ஒரு பிட் கிடைத்தால் அன்று மாலையே அது டெய்லர் கடையில் இருக்கும். பட்டுக்குப் பெயர் போன ஊர் என்பார்கள். எங்கள் தெருவில் உடுத்துவது என்னவோ வாயில் சேலையும் பாலியஸ்டரும்தான். கிடைத்த துணியைத் தைக்காமல் பெட்டியில் வைத்திருக்கும் வசதி அங்கே யாருக்கும் கிடையாது.

நான் தையல்காரி என்பதால்தான் இந்தத் துண்டுகளின் ஊர்சுற்றல் என்னை இவ்வளவு உறுத்தியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெங்களூர்தான். ஜீவனஹள்ளியில் இந்த வீட்டுக்கு வந்தும் பல வருஷம் ஆகிவிட்டது. ஒரே காம்பவுண்டுக்குள் கீழே வரிசையாக நான்கு வாடகை வீடுகள். இப்படி இருப்பதை இங்கே வட்டாரா என்பார்கள். மாடியில் வீட்டுக்காரர்கள், ஜயம்மாவும் அவருடைய கணவரும். என் கணவர் குமார், மரவேலை நடக்கும் இடங்களில் பாலீஷ் போடுபவர். மகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். முன்னறையில் என் மிஷின். காக்ஸ் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் என்று எங்கிருந்தெல்லாமோ பெண்கள் என்னிடம் தைக்க வருகிறார்கள். தலைக்கு மேலே குடியிருக்கும் ஜயம்மா மட்டும் ஒரு ரவிக்கைகூடத் தந்ததில்லை. துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, சிவாஜிநகரில் யாரோ ஒரு வயதான டெய்லரிடம் கொடுத்துவிட்டு வருவார். என் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். போகிற போக்கில், "திண்டி ஆய்த்தா?" என்று கேட்பார். டிபன் ஆயிற்றா என்பது இந்த ஊரின் வணக்கம், பதிலுக்கு யாரும் நிற்பதில்லை.

"தமிழ்க்காரி தைச்சா இவங்க உடம்புல ஒட்டாதோ?" என்று என் கணவரிடம் பொருமுவேன்.

"உடு சுமதி. வாடகைய ஏத்தாம கீறாங்களே, அதப் பாரு" என்பார் அவர். அவருக்கு எதுவும் உறைக்காது. எனக்கு எல்லாம் உறைக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய தீபாவளித் தையல் நெருக்கடியில், எனக்கென்று ஒரு ரவிக்கை தைத்துப் போட்டுப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் டேப் பிடிக்கிற எனக்கு, என் அளவை எடுக்க ஆள் இல்லை. ஒரு பழைய அளவு ஜாக்கெட்டை வைத்துத்தான் வெட்டுவேன். கச்சிதமாகத்தான் இருந்தது; இடப்பக்கம், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே மட்டும் ஏதோ உறுத்தியது. தையலில் நூல் முடிச்சு விழுந்திருக்கும் என்று ரவிக்கையைக் கழற்றி, உள்பக்கம் திருப்பி, விரலால் தடவித் தடவி முடிச்சைத் தேடினேன். ரவிக்கையில் முடிச்சு இல்லை. புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று என் மார்பில் இருந்தது. வலி இல்லை. வலிக்காததுதான் பயமாக இருந்தது.

ஆரணியில் எங்கள் தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு அக்காவை நினைத்துக்கொண்டேன். மார்பில் வந்த கட்டியை, புண்ணாகி வாடை வரும்வரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கடையில் சாம்பிராணி புகைந்துகொண்டே இருக்கும். பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் போனபிறகும் எங்கள் தெருப் பெண்கள், "அந்த எடத்துல" என்றுதான் சொன்னார்கள், நோயின் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் ஊர் டெய்லர் கடையிலும் அப்படித்தான். எந்தப் பெண்ணின் மேலும் டேப் படாது. ஒவ்வொருத்தியும் ஒரு அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவைப்பாள். அவள் பருத்தாலும் மெலிந்தாலும் கடைக்காரருக்கு அந்தத் துணிதான் அவள். என்னுடையதும் அங்கே இருக்கிறது. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் கொடுத்தது.

என் வாடிக்கையாளர்களில் ஸ்டெல்லா டீச்சர் என்று ஒருவர், ரிச்சர்ட்ஸ் டவுனில் தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். தைத்த துணியை வாங்க வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துருவித் துருவிக் கேட்டார். சொல்லிவிட்டேன். "ஞாயித்துக்கெழம எங்க சர்ச் ஹால்ல லேடீஸ்க்கு ஃப்ரீ செக்கப் இருக்கு. லேடி டாக்டர்தான். நீ வந்துடு, நான் வாசல்ல நிப்பேன்" என்றார். சொன்னபடி நின்றார். நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, பச்சைத் திரை கட்டி வைத்திருந்தார்கள். இளவயது டாக்டர், குளிர்ந்த கை. அவர் விரல் ஓரிடத்தில் நின்றதும் எனக்குத் தெரிந்துவிட்டது. துணியில் குறை கண்டால் என் விரலும் அப்படித்தான் நிற்கும். "பயப்படாதீங்க. பெரும்பாலும் சாதா கட்டியாத்தான் இருக்கும். ஆனா மேமோகிராம், ஸ்கேன் ரெண்டும் பாத்துடணும். தள்ளிப் போடாதீங்க" என்று எழுதிக் கொடுத்தார்.

தள்ளிப் போடக்கூடாது என்றுதான் மறுநாளே மெயின் ரோட்டில் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெண் சிரித்த முகமாகக் கேட்ட முதல் கேள்வி, "இன்சூரன்ஸா, கேஷா மேடம்?" இரண்டும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. என் கணவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் விடவில்லை, சோதனையும் ஆபரேஷனும் சேர்ந்த ஒரு பேக்கேஜ் இருப்பதாக, சுற்றுலாவுக்கு ஆள் சேர்ப்பதுபோல் வழவழ காகிதம் ஒன்றைக் கொடுத்தாள். அதில் போட்டிருந்த தொகையைப் பார்த்ததும் கட்டியைவிட அது பெரிதாகத் தெரிந்தது. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தே வீடு வந்தேன்.

இந்த இடத்தில் நம் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். நம் கதை என்றால், ஊரில் ஒரு கால் இங்கே ஒரு கால் என்று வாழும் நம் எல்லோருடைய கதையும். எங்கள் ரேஷன் கார்டு ஆரணியில், மாமியார் வீட்டு முகவரியில் இருக்கிறது. பொங்கல் பரிசும் வேட்டி சேலையும் விட்டுப்போகக்கூடாது என்று பெயரை அங்கேயே வைத்திருக்கிறோம். ஓட்டும் அங்கேதான். அங்கே அரசு காப்பீட்டு அட்டைக்குக் குடும்பத்தோடு வந்து படம் எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, நான் இங்கே யாரோ ஒருத்தியின் கல்யாண ரவிக்கைக்கு மணி கோத்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. ஆக, இங்கே இருந்ததால் அங்கே அட்டை இல்லை, அங்கே பெயர் இருந்ததால் இங்கேயும் அட்டை இல்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, அதேதான். ஆரோக்கியமாக இருக்கும்வரை இது ஒரு சாமர்த்தியம்போல இருந்தது.

"கவர்மென்ட் கேன்சர் ஆஸ்பத்திரி ஒண்ணு கீதாம். ஆனா அது கர்நாடகாக்காரங்களுக்குத்தான். நம்மள உள்ளயே உட மாட்டாங்க" என்றார் என் கணவர். எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு தமிழ்க் குடும்பம் உண்டு, அவர்களும் அதையே சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். கடைசியில் ஊருக்கே போய்விடுவது என்று முடிவானது. அம்மா வீட்டில் தங்கி, அட்டைக்கு எழுதிப்போட்டு, வேலூரிலோ சென்னையிலோ பார்த்துக்கொள்ளலாம். எத்தனை மாதம் ஆகும் என்று தெரியாது. மகளின் பள்ளிக்கூடம், இவருடைய சாப்பாடு, என் வாடிக்கை எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போகவேண்டும். இவர் ராத்திரியில் தூங்காமல் புரண்டார். எதுவும் உறைக்காத மனிதர் என்று நான் நினைத்திருந்தது தப்பு.

வேறு வழி இல்லாமல், வாங்கி வைத்திருந்த துணிகளைத் தைக்காமலே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தேன். ஒவ்வொருத்திக்கும் ஒரு பொய். கை வலி, ஊரில் விசேஷம், மிஷின் ரிப்பேர். தீபாவளி நேரத்தில் துணியைத் திருப்பிக் கொடுக்கும் டெய்லரை யாராவது வாழ்த்துவார்களா? ஒருத்தி வாசலிலேயே நின்று கத்திவிட்டுப் போனாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம். ஜயம்மா உள்ளே வந்து, இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏனம்மா சுமதி, மனை காலி பண்றீங்களா? ரெண்டு மாசம் முந்தியே சொல்லணும் அல்வா? எல்லாரும் துணி வாபஸ் வாங்கிட்டுப் போறாங்க, எனக்குக் கண்ணு இல்லியா?" அவருடைய "அல்வா" தின்பதல்ல, நம் "அல்லவா"தான்.

"காலி பண்ணல ஜயம்மா."

"சுள்ளு சொல்லபேடா. வேற எங்கயோ வீடு பாத்துட்டீங்க. தினம் காலையில பை தூக்கிட்டுப் போறியே, நான் பாக்கலியா?"

பொய் சொல்லாதே என்கிறார். சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துப் போயிருந்தது. ஆறு வீட்டுக்கு ஆறு பொய் சொன்ன வாய், ஏழாவதுக்குத் திறக்கவில்லை. "ஜயம்மா, எனக்கு மார்ல கட்டி" என்றேன். அதுவரை என் கணவர் எதிரில்கூட அழாத நான், எனக்குப் பிடிக்காத இந்த அம்மாள் முன்னால் விக்கி விக்கி அழுதேன்.

ஜயம்மா போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அழபேடா. கை குடு" என்றார். என் கையைப் பிடித்துத் தன் முந்தானைக்குள் கொண்டுபோய், வலது மார்பின் மேல் வைத்து அழுத்தினார். மார்பு இல்லை. ஒரு துணிப்பை இருந்தது, உள்ளே மணி மணியாக ஏதோ நெருடியது.

"ராகி" என்றார் ஜயம்மா.

எனக்கு அழுகை நின்றுவிட்டது.

"ரொம்ப வருஷம் ஆச்சு, எடுத்துட்டாங்க. முதல்ல பஞ்சு வெச்சேன், லேசா இருக்குது, மேல ஏறிக்கிச்சு. ராகிதான் சரியான கனம். மழைக்காலத்துல மட்டும் புழு வந்துடும், மாத்தணும். மாத்தும்போது எங்க வீட்டுக்காரரு கேக்கறாரு, பழைய ராகில முத்தே பண்ணலாமான்னு." முத்தே என்றால் களி. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அழுத முகத்தோடு நானும் சிரித்தேன். அத்தனை நாளில் நான் சிரித்த முதல் சிரிப்பு அது.

"அதனாலதான் என்கிட்ட தைக்கத் தரலியா?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் முக்கியம்.

"பின்ன? சிவாஜிநகர் தாத்தாக்கு எல்லாம் தெரியும், வாய் திறக்கமாட்டாரு. உன் மிஷினைச் சுத்தி உக்காந்து பொம்பளைங்க பேசற பேச்சு எனக்கு மேல கேக்குது சுமதி. போன வாரம் யாரோ நாலாவது கிராஸ் சொசே பத்தி பேசினீங்க அல்வா? அந்த மாதிரி என்னையும் பேசுவீங்க." நாலாவது கிராஸ் மருமகளைப் பற்றி நாங்கள் பேசியது உண்மைதான். தமிழ்க்காரி என்று ஒதுக்கினார் என்று வருஷக்கணக்காக நான் வளர்த்து வைத்திருந்த ரோஷம் அங்கேயே பிசுபிசுத்துப் போயிற்று. இந்த அம்மாள் என்னை ஒதுக்கியது என் மொழிக்காக அல்ல, என் வாய்க்காக.

ஊருக்குப் போகப்போவதாகச் சொன்னதும் அவருக்கு வந்ததே கோபம். "எதுக்கு? நான் போன ஆஸ்பத்திரி இங்கதானே இருக்கு? எனக்கு அங்கதானே பண்ணாங்க?" நீங்கள் கன்னடக்காரர், எங்களை விடமாட்டார்கள் என்றேன். "யாரு ஹேளித்து? யாரு சொன்னது?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. எங்களில் ஒருவர்கூட அந்த வாசல்வரை போய்க் கேட்டதில்லை. நாங்களாகவே ஒரு கதவைச் சாத்தி, நாங்களாகவே அதற்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம்.

மறுநாள் விடிகாலையில் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். ஜயம்மா ஒரு டப்பாவில் அவலக்கி, அதாவது தாளித்த அவல், கட்டி எடுத்து வந்திருந்தார். அந்த அரசு மருத்துவமனையின் கூட்டத்தைப் பார்த்ததும் முதலில் ஜயம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு காது கொடுத்தேன். தெலுங்கு, உருது, இந்தி, வங்காளமோ என்னவோ ஒன்று, எல்லாவற்றுக்கும் நடுவில், "ஏய், டோக்கன் இன்னாடி நம்பரு?" என்று நம் பக்கத்துக் குரல். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த குடும்பம். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, இந்த முறை வேறு காரணத்துக்காக.

பதிவு செய்யும் ஜன்னலில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல், "யாவ ஊரு?" என்று கேட்டார். நான் பயந்துகொண்டிருந்த கேள்வி இதுதான். ஜீவனஹள்ளி என்று சொல்லும்படி ஜயம்மா வழியெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார். என் வாயில் வந்தது, "ஆரணி." ஜயம்மா என் இடுப்பில் கிள்ளினார். ஜன்னல்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். கன்னடத்தில் நீளமாக என்னவோ கேட்டார். போ என்று சொல்லப்போகிறார் என்று நினைத்துப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். ஜயம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பட்டுச்சீரை வருதே, அந்த ஆரணியான்னு கேக்கறாரு. அவரு மகளுக்குக் கல்யாணமாம். அங்கயே நேரா போய் வாங்கினா ரேட்டு கம்மியா இருக்குமான்னு கேக்கறாரு." எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கடைத்தெரு பெயரைச் சொன்னேன். அவர் அதைத் தனியாகக் குறித்துக்கொண்டு, என் ஆதாரை வாங்கிப் பதிவு செய்து, அடுத்த அறையைக் கை காட்டினார். அவ்வளவுதான். பல வாரம் என்னைத் தூங்கவிடாத கேள்விக்கு அவ்வளவுதான் அர்த்தம்.

அடுத்த அறையில் இருந்தது ஒரு சோஷியல் வொர்க்கர் பெண். பணம் கட்ட முடியாதவர்களுக்கு என்ன வழி என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. கோலார் பக்கம், தமிழ் வந்தது. "இன்சூரன்ஸ் இல்லியா? பரவால்லம்மா. இல்லாதவங்கதான் இங்க ஜாஸ்தி" என்று தண்ணீர் குடிப்பதுபோல் சொன்னார். பிறகு எது குறைந்த கட்டணம், எதற்குச் சலுகை கேட்கலாம், எந்த மருந்துக்குத் தருமம் செய்கிறவர்களிடம் எழுதிக் கேட்கவேண்டும், எதை நாங்களே கட்டவேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். எல்லாம் இலவசம் என்று நான் சொல்லமாட்டேன். துணி ஓரம் அடிக்கும் என் ஓவர்லாக் மிஷினை விற்றோம், இவர் முதலாளியிடம் முன்பணம் வாங்கினார். ஆனாலும் அந்த வழவழ காகிதம் எங்கே, இது எங்கே. இதைப் படிக்கும் யாராவது, நம்மை விடமாட்டார்கள் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து எழுந்து போங்கள். போய், சோஷியல் வொர்க்கர் அறை எங்கே என்று கேளுங்கள்.

மேமோகிராம் எடுக்கும் அறை குளிரெடுத்தது. இரண்டு தட்டுக்கு நடுவே மார்பை வைத்து அழுத்துகிறார்கள். சப்பாத்திக்கு மாவு அழுத்தும் கட்டைபோல என்று சொன்னால் பயந்துவிடுவீர்கள், ஆனால் அப்படித்தான். வலித்தது, பொறுக்கமுடியாத வலி இல்லை. அந்தப் பெண், "உசிரு ஹிட்கொள்ளி" என்றாள். கன்னடத்தில் மூச்சைத்தான் அப்படிச் சொல்வார்கள். உயிரைப் பிடித்துக்கொள் என்றுதான் என் காதில் விழுந்தது. பிடித்துக்கொண்டேன்.

ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்றே வந்தது. ஆனால் ஆரம்பம், பரவவில்லை. முழு மார்பையும் எடுக்கவேண்டியதில்லை, கட்டியையும் சுற்றிக் கொஞ்சத்தையும் எடுத்தால் போதும் என்றார் டாக்டர். "எத்தனை இஞ்ச் குறையும் சார்?" என்று கேட்டேன். ஒரு டெய்லருக்கு வேறெப்படிக் கேட்கத் தெரியும்? அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் என் கணவர், "ஏய், சும்மா இரு" என்று அதட்டிவிட்டு, வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவர் தலையைத் தடவிக் கொடுத்தேன். நோயாளி நான்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அம்மா ஆரணியிலிருந்து வந்து தங்கி, அழுது, சமைத்து, ஜயம்மாவோடு சைகையிலேயே சண்டைபோட்டு, ரசத்துக்கு வெல்லம் போடுவதா வேண்டாமா என்பதில் கடைசிவரை உடன்படாமல் ஊர் திரும்பினார். பிறகு வாரக்கணக்கில் தினமும் கதிர் சிகிச்சை. அந்த நாட்களில் இறுக்கமான ரவிக்கை ஆகாது, தோல் எரியும். பழைய வேட்டியில், முன்பக்கம் நாடா வைத்துக் கட்டும்படி தொளதொளவென்று ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். வரிசையில் எனக்கு முன்னால் இருந்த ஆந்திராப் பெண் அதைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த நாள் அவருக்கு ஒன்று. அதற்கடுத்த நாள் கிருஷ்ணகிரி அக்காவுக்கு. பையில் டேப்பை எடுத்துப் போக ஆரம்பித்தேன். நோய் வந்த உடம்பின் மேல் டேப் வைக்கும்போது அந்தப் பெண்கள் கூசவில்லை. நானும் கூசவில்லை. சிகிச்சைக்கு வந்தவள் கடை போட்டுவிட்டாள் என்று ஜயம்மா கேலி செய்தார்.

அடுத்து வந்த வரமகாலட்சுமி பூஜைக்கு மாடிக்குக் கூப்பிட்டார். மஞ்சள் குங்குமம் தந்தவர் ஜாக்கெட் பிட் தரவில்லை. "போன தடவை நான் குடுத்த பச்சை பிட்டு இருக்கா? இல்ல யாருக்காவது தள்ளிட்டியா?" என்று கேட்டார். வரும் நவராத்திரிக்குத் தள்ளத்தான் எடுத்து வைத்திருந்தேன், ஒப்புக்கொண்டேன். "அது சுத்தினது போதும். எனக்குத் தை. டேப் எடுத்துட்டு வா" என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டு அளவெடுத்தேன். வலப்பக்கம் தனி, இடப்பக்கம் தனி. உள்ளே மெல்லிய மல் துணியில் ஒரு பை வைத்து, மேலே பட்டன் போட்டேன், ராகியை மாற்ற வசதியாக. டீக்கறை பட்ட ஓரத்தை உள்பக்கம் கொடுத்து மடித்துவிட்டேன். ஜயம்மா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்தார். "தாத்தாவைவிட பரவால்ல" என்றார். என் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய விருது அதுதான்.

போன தீபாவளிக்கு அம்மா பார்சல் அனுப்பினார். மெரூன் நிறச் சேலை, அதற்கு ரவிக்கையும் தைத்தே வந்திருந்தது. போட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் கச்சிதம், இடப்பக்கம் துணி தொய்ந்து நின்றது. ஊர் டெய்லர் அந்தப் பழைய அளவு ஜாக்கெட்டை வைத்து, கொஞ்சம் அகலம் மட்டும் விட்டு வெட்டியிருக்கிறார். அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னாம்மா, உனக்குத் தெரியாதா? அவருகிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"எதுக்குடி சொல்லணும்?" என்றார் அம்மா. "நீ அங்க எப்பிடி வேணா தைச்சுக்கோ. இங்க உன் அளவு அப்பிடியே கெடக்கட்டும்."

போனை வைத்துவிட்டு, ரவிக்கையின் இடப்பக்கத் தையலைப் பிரித்தேன். டாட்டை, அதாவது மார்பில் பிடிக்கும் மடிப்பை, உள்ளே இழுத்துப் பிடித்து மறுபடி தைத்தேன். அதே மெரூன் நூல் என்னிடம் இல்லை. இருந்ததில் நெருங்கியது கத்தரிப்பூ நிறம். வெளியே தெரியாது, உள்ளே திருப்பினால் தெரியும்.

போன வாரம் வருஷாந்திர மேமோகிராமுக்கு அந்த ரவிக்கையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். கழற்றி ஆணியில் மாட்டினபோது உள்பக்கம் வெளியே திரும்பிக்கொண்டது. உயிரைப் பிடிக்கச் சொல்லும் அதே பெண். "ஏனம்மா, டெய்லர் அந்த்தீரி, ரெண்டு கலர் நூலு?" என்று சிரித்தாள். டெய்லர் என்கிறீர்கள், இப்படியா தைப்பது என்கிறாள். "ஒண்ணு ஊர்ல தைச்சது, ஒண்ணு இங்க" என்றேன். அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. தட்டு இறங்கியது, மூச்சைப் பிடித்தேன், விட்டேன்.

மத்தியானம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. ஒண்ணுமில்ல. அடுத்த வருஷம் வாங்க" என்றார். வெளியே பெஞ்சில் ஜயம்மா பச்சை ரவிக்கையில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். ஆனாலும் எதையும் கேட்கவில்லை. டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தி, "ஊட்டா ஆய்த்தா?" என்றார். சாப்பாடு ஆயிற்றா என்று இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் கேட்கும் கேள்விதான். இந்த முறை பதிலுக்காகக் காத்திருந்தார். இன்னும் இல்லை, பயங்கரப் பசி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஆரணியில் டெய்லர் கடையில் என் பழைய அளவு இப்போதும் குறையில்லாமல் கிடக்கும். இங்கே நான் கத்தரிப்பூ நூல் தைத்த பக்கத்தில் கை வைத்து ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, அவலக்கியைச் சாப்பிட ஆரம்பித்தேன்.